பந்தியில் ஒரு கேள்வி

"என்ன மக்களே, இப்படித் தடிச்சிட்ட? மொகமெல்லாம் குருவா கெடக்கு?"

இன்று தக்கலை பக்கம் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எதிரே இருந்த மாமி, என் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டது இது.

அவள் சிரித்தாள். பாயசம் வந்தபோது வேண்டாம் என்று இலையை மறித்தாள்.

இடது கை மட்டும் துப்பட்டாவை நாடி வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தது. த்ரெட்டிங் பண்ணின சிவப்பு அங்கே இன்னும் மாறவில்லை.

கை கழுவும்போது சொன்னாள்: "பிசிஓஎஸ் அக்கா. இனி எந்தக் கல்யாணத்துக்கும் வரமாட்டேன்."

பிசிஓஎஸ் என்பது பெண்களுக்கு வரும் ஒரு ஹார்மோன் கோளாறு. அதில் பீரியட்ஸ் தள்ளிப்போவதைப் பேசுகிறோம், எடையைப் பேசுகிறோம். மனசை யார் கேட்கிறோம்?

பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். ஹார்மோன், இன்சுலின் கோளாறு ஒரு பக்கம். முகத்தில் முடி, பரு, "பிள்ளை உண்டாகுமா" என்ற பயம், ஊர் வாய் இன்னொரு பக்கம். எது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

2023-ல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், பிசிஓஎஸ் உள்ள எல்லாப் பெண்களிடமும் மனச்சோர்வும் பதற்றமும் உண்டா என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறது. ஸ்கேனும் சுகர் டெஸ்ட்டும் போல இதுவும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். "எடையைக் குறை, எல்லாம் சரியாகும்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

டெலி மானஸ் எண் 14416. அரசின் இலவச மனநல உதவி, எந்த நேரமும் தமிழில் பேசலாம். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநலப் பிரிவும் இருக்கிறது. தேவைப்படும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.