பாதி நாக்கு மரத்துப் போன 11 வாரங்கள்

ஊசி உள்ளே போனதும் நாக்கின் வலது ஓரத்தில் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்றது. உடம்பே தூக்கிப் போட்டது. ஒரு நொடிதான். நான் ஒன்றும் சொல்லவில்லை, பல் மருத்துவரும் கேட்கவில்லை. வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால், அதற்கு மரத்துப்போகப் போட்ட ஊசி அது. "மூணு நாலு மணி நேரத்துல மதமதப்பு போயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ராத்திரிக்குள் உதடு தெளிந்துவிட்டது, நாக்கு தெளியவில்லை. காலையில் குடித்த காபி வலது பக்கம் வெறும் வெந்நீராக இருந்தது. இட்லி சாப்பிடும்போது நாக்கைக் கடித்திருக்கிறேன். தட்டில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது.

அன்றே திரும்பப் போனேன். இந்த நிலையில் யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: தானாகச் சரியாகும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். சுரீர் என்றதையும் சொல்லிவிடுங்கள். மருத்துவர் என் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் கூர்முனையாலும் தொட்டுத் தொட்டு, உணர்வில்லாத இடத்தைப் படமாக வரைந்து தேதி போட்டார். கீழ்த்தாடைக்கு ஊசி போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே நாக்கு நரம்பு ஓடுகிறதாம். ஊசிமுனை பட்டிருக்கலாம், உள்ளே ரத்தம் கசிந்து நரம்பை அழுத்தியிருக்கலாம், மருந்தே உறுத்தியிருக்கலாம். ருசி இழைகளும் அதே நரம்போடு சேர்ந்து வருவதால்தான் காபி செத்துப்போனது. பெரும்பாலும் 8 வாரத்துக்குள் திரும்பும், சிலருக்கு மாதக்கணக்காகும், அபூர்வமாகச் சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும் என்று மறைக்காமல் சொன்னார். மாற்றமே இல்லையென்றால் வாய், முக அறுவை நிபுணரிடம் அனுப்புவதாகவும் சொன்னார். வைட்டமின் பி12 மாத்திரை எழுதித் தந்தார், ஆனால் அதற்கு உத்தரவாதம் தரவில்லை. அந்த நேர்மை எனக்குத் தெம்பாக இருந்தது.

இடது பக்கமே மென்றேன். சூடானதை உதட்டில் வைத்துப் பார்த்த பிறகே குடித்தேன்.

ஞாயிறுதோறும் மகள் காது பட்ஸை எடுத்துக்கொண்டு உட்காருவாள். "அம்மா, இங்க தெரியுதா? இங்க?" நோட்டில் நாக்கை வரைந்து எல்லை போடுவாள். மூன்றாவது வாரம் எறும்பு ஊர்ந்தது, பிறகு ஊசி ஊசியாகக் குத்தியது. பயந்து மருத்துவரிடம் ஓடினேன். நரம்பு விழிக்கிறது, நல்ல அறிகுறி என்றார்.

கோடு மெல்ல உள்ளே நகர்ந்தது. ருசிதான் கடைசி. 11ஆவது வாரம் மாவடுவை வலது பக்கம் ஒதுக்கினேன், உப்பு தெரிந்தது.

நுனிப்பக்கம் மிளகளவு இடம் இன்னும் பாக்கி. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரைவோம்.