ஒரு லட்சம் பரிசு, கைக்கு வந்தது 63,000

2022 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கேரள அரசின் காருண்யா லாட்டரியில் எனக்கு மூன்றாம் பரிசு விழுந்தது. ஒரு லட்சம் ரூபாய். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் 40 ரூபாய்க்கு வாங்கிய சீட்டு. மூன்று மணிக் குலுக்கலின் முடிவு போனில் வந்ததும், முன்னால் இருக்கும் இரண்டு எழுத்துகளையும் ஆறு எண்களையும் விரல் வைத்து நாலு தடவை பார்த்தேன்.

மறுநாளே ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஆபீஸ் ஆபீஸா எதுக்குங்க தம்பி அலையோணும்? சீட்டைக் குடுங்க, 65,000 ரொக்கமாத் தர்றேன்" என்றார். அரசிடம் போனால் கிடைப்பதைவிட அதிகம்! அவருக்கு என்ன லாபம் என்று அப்பாதான் புரியவைத்தார். கணக்கில் வராத பணத்தைப் பரிசுப் பணமாகக் காட்டத்தான் இந்த வியாபாரம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அவசரத்துக்கு இப்படிச் சீட்டைக் கைமாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

அவர் போனதும் முதல் வேலையாகச் சீட்டின் பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுவரை அது யார் கையில் இருக்கிறதோ அவர் சீட்டு.

5,000 ரூபாய் வரை என்றால் சீட்டுக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் வங்கி மூலமாகவோ லாட்டரி அலுவலகத்திலோ கொடுக்க வேண்டும், 30 நாளுக்குள். நான் பாலக்காடு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். சீட்டின் இரு பக்க நகல், ஆதார், பான் கார்டு, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது, கெசட்டட் அதிகாரி சான்றிட்ட இரண்டு போட்டோ. போட்டோவில் கையெழுத்துப் போட்டவர் எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டர். ஒரு பசுவுக்கு ஊசி போட்டுவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, பொறுமையாகப் போட்டுக் கொடுத்தார். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வேலை இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டதால், கேரளாவுக்கு எதற்கு வந்தோம், சீட்டை எப்படி வாங்கினோம் என்று நோட்டரி சான்றோடு எழுதித் தர வேண்டும்.

பணம் சில வாரங்களில் கணக்கில் ஏறியது. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், அதாவது 10,000. மீதி 90,000-இல் 30 சதவீதம் வரி, 27,000; பணம் தரும்போதே பிடித்துவிடும் இந்த வரிக்குத்தான் டிடிஎஸ் என்று பெயர். கைக்கு வந்தது 63,000.

சரி, வரி முடிந்தது என்றுதான் நினைத்தேன். தெரிந்த ஒருவரும், "டிடிஎஸ் பிடிச்சாச்சே, ரிட்டர்ன்ல காட்ட வேண்டாம்" என்றார். அவர் பேச்சை நம்பி, வழக்கம்போல் ஐடிஆர்-1 என்ற எளிய வருமான வரிக் கணக்குப் படிவத்தையே போட்டுவிட்டேன். அப்புறம் வருமான வரித் தளத்தில் என் பான் எண்ணுக்கு நேரே அந்த 90,000 நிற்பதைப் பார்த்ததும் பகீரென்றது. லாட்டரிப் பணம் வந்தவர்கள் ஐடிஆர்-1 போடவே முடியாது. சம்பளக்காரர் என்றால் ஐடிஆர்-2. சம்பளத்துக்குக் கழித்துக்கொள்ளும் பிஎஃப், எல்ஐசி எதையும் இந்தப் பணத்தில் கழிக்க முடியாது. என் சம்பளத்துக்கு 30 சதவீத வரியெல்லாம் கிடையாது, ஆனால் பரிசுப் பணத்துக்கு முழு 30. அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி வேறு. பிடித்த டிடிஎஸ்ஸில் செஸ் சேரவில்லை. 27,000-க்கு 1,080.

நல்லவேளை, 2023 ஜூலை கெடு தாண்டவில்லை. 1,080-ஐக் கட்டி, வரி கட்டியதற்கான செல்லானின் எண்ணைப் போட்டு, திருத்திய ரிட்டர்ன் அனுப்பினேன். சீட்டின் நகலும் டிடிஎஸ் சான்றிதழும் அந்தச் செல்லானும் ஒரே கவரில் இன்னும் பீரோவில் இருக்கின்றன.