தறிச் சத்தத்தில் ஒரு காதல்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெர்ரிமேக் ஆற்றங்கரையில் இருக்கும் லோவல் நகரத்துக்குக் குடிவந்தோம். வாடகைக்குக் கிடைத்த வீடு பழைய பஞ்சாலைக் கட்டடத்தில் இருக்கிறது. செங்கல் சுவர், ஆளுயரத்தையும் தாண்டிய ஜன்னல்கள். மின்விளக்கு வராத காலத்தில் தறிக்கு வெளிச்சம் வேண்டுமென்று வைத்தவை.

கணவருக்கு ஐடி வேலை. எனக்கு அவர் மனைவி என்ற முறையில் கிடைத்த எச்-4 விசா, வேலைக்குப் போக அனுமதி கிடையாது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் பனிக்காலத்தில் எனக்கு இருந்த ஒரே போக்கிடம் நூலகம்தான். அங்கே எடுத்த ஒரு சரித்திரக் காதல் நாவல்தான் இந்த ஊரோடு என்னை ஒட்டவைத்தது.

கதை 1880களில் நடக்கிறது. நாயகி, கனடாவின் கியூபெக்கிலிருந்து குடும்பத்தோடு ரயிலேறி வந்த பிரெஞ்சு பேசும் பெண். ஆலையில் தறி ஓட்டுகிறாள். நாயகன் ஐரிஷ்காரன், தறிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். அவன் தாத்தா இங்கே கால்வாய் வெட்ட வந்தவர். இது வெறும் கற்பனை இல்லை. 1822-ல் ஹியூ கம்மிஸ்கி என்பவர் பாஸ்டனை ஒட்டிய சார்ல்ஸ்டவுனிலிருந்து 30 ஐரிஷ் ஆட்களை நடத்தியே கூட்டிவந்தார். அவர்கள் வெட்டத் தொடங்கிய கால்வாய்த் தண்ணீர்தான் பிறகு ஆலைகளை ஓட்டியது.

எனக்கு ஊர் கோயம்புத்தூர் பக்கம் சோமனூர். விசைத்தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள். அதனால் நாவலில் தறிக்கூடம் வரும் பக்கங்களை வரிவரியாகப் படித்தேன். நூல் அறுந்துவிடக் கூடாதென்று ஜன்னல்களை அடைத்து, உள்ளே ஈரப்பதம் ஏற்றிவைப்பார்கள். கோடையில் எங்கள் அப்பா தறிக்குடோன் தரையில் தண்ணீர் தெளிப்பதும் இதற்குத்தான். தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடும் நாடாவில் நூல் சுற்றிய புதுத் தார்க் கட்டை போட்டதும், நாடாவின் சின்ன ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சி, குறுக்கே போகும் ஊடை நூலை வெளியே இழுக்க வேண்டும். ஒரே நாடா பல பேர் வாய்க்குப் போகும். கூடவே பஞ்சுத் தூசும் உள்ளே போகும். காசநோய் பரவ இதுவும் ஒரு வழி என்று பின்னாளில் அஞ்சினார்கள். 1874-ல் வந்த சட்டப்படியே பெண்களுக்கு வாரம் 60 மணி நேர வேலை. இத்தனைக்கும் நடுவே, பேச்சே கேட்காத தறிச் சத்தத்தில், அந்தப் பெண் உதட்டசைவை வைத்தே அவனிடம் பேசக் கற்றுக்கொள்கிறாள். நாவலின் உயிரே அந்த அத்தியாயம்தான். முதலாளி மகன் அவள்மேல் ஆசைப்படும் கிளைக்கதை வேண்டாத சுமை. அதை எடுத்துவிட்டால் கதை இன்னும் நிமிர்ந்து நிற்கும்.

இருவரும் கத்தோலிக்கர்கள்தான். ஆனாலும் அவன் செயின்ட் பேட்ரிக் ஆலயத்துக்காரன், அவளுக்கோ பிரெஞ்சு பேசுபவர்களின் தனிப் பங்கு ஆலயம். மொழி போனால் விசுவாசமும் போய்விடும் என்பது கியூபெக் மக்களின் உறுதியான நம்பிக்கை. ‘பேரப்பிள்ளைகள் என்னோடு எந்த மொழியில் பேசும்?’ என்று அவள் அப்பா கேட்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் மகள் இப்போதே நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள். அந்த மனிதரை வில்லனாகப் பார்க்க என்னால் முடியவில்லை. நாவலாசிரியரும் அவரை அப்படிக் காட்டவில்லை; அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

படித்து முடித்த கையோடு மகளையும் கூட்டிக்கொண்டு பூட் பஞ்சாலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். பழைய தறிகளில் சிலவற்றை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். காதடைப்பான் கொடுத்தார்கள், நான் போட்டுக்கொள்ளவில்லை. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னவோ கேட்டாள். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ, இரண்டு விரலைக் கிள்ளிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது என்று எங்கள் குடோன் சைகைகளை அங்கேயே செய்து காட்டினேன். உடனே திருப்பிச் செய்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் சாப்பாட்டு மேசையில் அதுவே பேச்சானது.

அன்றிரவு ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் கேட்டேன்: “அந்தச் சத்தத்துல அம்மாகிட்ட என்னங்கப்பா பேசுவீங்க?”

“என்னத்தக் கண்ணு, பாவு தீர்ந்துச்சு, டீ வந்துச்சு, அவ்வளவுதான்.”

பின்னாலிருந்து அம்மா குரல்: “அவ்வளவுதானாக்கும்?”