உறையில் ஒரு பெயர், கடிதத்தில் ஒரு பெயர்

2024 ஏப்ரலில், சித்திரை முதல் நாளுக்கு நான்கு நாள் முன்பு, எங்கள் கடையின் கருப்பட்டிச் சலுகை மின்னஞ்சலை 7,000 சொச்சம் பேருக்கு அனுப்பினோம். வழக்கமாக அரை மணி நேரத்தில் ஆர்டர்கள் விழத் தொடங்கிவிடும். அன்று மாலை வரை ஒன்பதுதான் வந்திருந்தன. அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே கேட்டார்: "தம்பி, மெயில் போனதா, போனதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயா?"

போயிருந்தது. ஆனால் என் சொந்த ஜிமெயிலிலேயே அது ஸ்பேமுக்குள் கிடந்தது. சில நூறு முகவரிகளிலிருந்து திரும்பியும் வந்திருந்தன. கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்து, 2024 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்த விதிகளை நான் படித்திருந்தேன். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் அனுப்புவது உண்மையில் அவர்கள்தானா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமைத்திருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கானது என்று விட்டுவிட்டேன். எங்கள் பட்டியலில் ஜிமெயில்காரர்கள் மட்டுமே 5,000 பேரைத் தாண்டுவார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

அன்றிரவே எஸ்பிஎஃப் வேலையில் இறங்கினேன். எந்தெந்த சர்வர்கள் நம் பெயரில் அனுப்பலாம் என்று, இணையப் பெயர்களுக்கான பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கும் பதிவு அது. எங்கள் டொமைனுக்கு, அதாவது மின்னஞ்சல் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயருக்கு, ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதற்குக் கீழே, மொத்தமாக அனுப்பித் தரும் சேவைக்காக இன்னொன்றைச் சேர்த்தேன். ஒரு டொமைனுக்கு ஒரே ஓர் எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. மறுநாள் இரண்டையும் ஒன்றாக்கினேன். அப்போதும் பலன் இல்லை.

காரணம் புரிய மூன்று நாள் ஆயிற்று. மின்னஞ்சலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது: உறையின் மேல் ஒன்று, உள்ளே கடிதத் தலைப்பில் ஒன்று. வாடிக்கையாளர் பார்ப்பது கடிதத்தில் உள்ளதை. எஸ்பிஎஃப் பார்ப்பதோ உறையில் உள்ளதை. எங்கள் உறையில் இருந்தது அனுப்பும் சேவையின் டொமைன். டிகேஐஎம், அதாவது கடிதத்தோடு சேர்ந்து போகும் டிஜிட்டல் கையொப்பம், அதுவும் அவர்களுடையதே. ஆகவே சோதனை இரண்டிலும் தேர்ச்சிதான், ஆனால் வேறு ஒருவர் பெயரில்! கடிதத் தலைப்பில் தெரியும் டொமைனும் தேர்ச்சி பெற்ற டொமைனும் ஒன்றா என்று கேட்பதுதான் டிமார்க். எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது பொருந்த வேண்டும். எங்களுக்கு இரண்டுமே பொருந்தவில்லை.

சேவையின் அமைப்புப் பக்கத்தில் எங்கள் டொமைனுக்கான டிகேஐஎம் பதிவுகள் இரண்டு கிடைத்தன. அவற்றை டிஎன்எஸ்ஸில் ஒட்டினேன். "சரிபார்க்க இயலவில்லை" என்றே வந்துகொண்டிருந்தது. நான் முழுப் பெயரை ஒட்ட, டொமைன் பெயரை டிஎன்எஸ் பக்கமும் தானாகக் கடைசியில் சேர்த்திருக்கிறது. எங்கள் கடைப் பெயர் அடுத்தடுத்து இருமுறை நின்றது. அரை நாள் அதில் போயிற்று. இதில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம் என்று பிறகு தெரிந்தபோது சற்று ஆறுதல்.

டிமார்க்கை முதலில் "நன்" (none) என்ற கொள்கையில் வைத்தேன். தேறாததைத் தடுக்காதே, அறிக்கை மட்டும் அனுப்பு என்று பொருள். கூகுளிலிருந்தும் யாஹூவிலிருந்தும் தினமும் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்புகள் வந்தன. எங்கள் பெயரில் எந்த ஐபியிலிருந்து (சர்வரின் இணைய எண்) எத்தனை மின்னஞ்சல் கிளம்பின, தேறினவா என்ற கணக்கு. மூன்று வாரத்தில் சலுகை மின்னஞ்சல்கள் எல்லாம் தேறிவிட்டன. தெரியாத ஓர் ஐபி மட்டும் தினமும் பதினைந்து, இருபது அனுப்பித் தோற்றுக்கொண்டிருந்தது. எவனோ போலி ஆசாமி என்று முடிவு கட்டினேன். உற்சாகத்தில், தேறாததை ஸ்பேமில் போடச் சொல்லும் "குவாரன்டைன்" என்ற நடுப்படியைத் தாண்டி, நேரே "ரிஜெக்ட்", அதாவது ஏற்கவே வேண்டாம் என்று போட்டுவிட்டேன்.

நான்காம் நாள், சென்னையில் எங்களிடம் மொத்தமாக வாங்குகிறவர் அண்ணாச்சியை அழைத்தார். சரக்கு வந்துவிட்டது, பில் வரவில்லை. அந்தப் போலி ஆசாமி எங்கள் பில் மென்பொருள்தான். தன் சொந்த சர்வரிலிருந்து எங்கள் முகவரியைப் போட்டு இத்தனை வருடமாக பில் அனுப்பிக்கொண்டிருந்தது. என் ஒரு வரியால் நான்கு நாள் பில்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. அண்ணாச்சி திட்டவில்லை. "நம் கடைக்கு நீயே பூட்டுப் போட்டிருக்கிறாய், தம்பி" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மறுபடியும் "நன்". பில் மென்பொருளுக்கும் டிகேஐஎம் அமைத்தேன். ஒரு மாதம் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு "குவாரன்டைன்", ஆடி முடிந்து "ரிஜெக்ட்".

இவ்வளவும் சரியான பிறகும் கணிசமான மின்னஞ்சல்கள் ஸ்பேமுக்கே போயின. இதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். அனுப்புகிறவர்களுக்குக் கூகுள் கணக்குக் காட்டும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த அளவைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது கூகுள். அதாவது, கடிதம் எங்களுடையதே என்று நிரூபித்துவிட்டோம். எங்கள் கடிதம் பலருக்கு வேண்டாம் என்பதும் கூடவே நிரூபணமாகிவிட்டது. கல்லா அருகே இருந்த நோட்டில் யார் யாரோ எழுதிப்போன முகவரிகள் பட்டியலில் பாதி. ஒரே சொடுக்கில் விலகும் வசதியைச் சேர்த்தேன். விலகுகிறவர்களை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும் என்பதும் விதி. திறந்து பார்த்தவர் கணக்கை நம்ப முடியாது. கடிதத்தில் உள்ள படம் இறங்கினால் திறந்ததாகக் கணக்கு, ஆனால் ஆப்பிளின் மெயில் செயலி படங்களைத் தானே இறக்கிக்கொள்கிறது. அதனால் ஒன்றரை வருடமாக வாங்காத, எந்தச் சுட்டியையும் அழுத்தாத முகவரிகளை எடுத்தேன். 7,000 சொச்சம் 3,900 ஆயிற்று. "தீபாவளி வரும் நேரத்தில் வாடிக்கையாளரை வெட்டுகிறாயே" என்று அண்ணாச்சிக்கு மனமே இல்லை. 5,000-க்குக் கீழே இறங்கிவிட்டோம், இனி விதி நமக்கில்லை என்றும் நினைக்க முடியாது. ஒருமுறை அந்த எல்லையைத் தொட்டவரை கூகுள் பிறகும் மொத்த அனுப்புநராகவே கணக்கில் வைத்துக்கொள்கிறது.

அக்டோபர் 31 தீபாவளி. இரண்டு வாரம் முன்பு அனுப்பிய மின்னஞ்சலுக்கு, போன வருடத்தில் பாதிப் பேருக்கு அனுப்பியும், போன வருட அளவுக்கு ஆர்டர் வந்தது. அண்ணாச்சி அதிரசப் பொட்டலம் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கார்த்திகையில் அறிக்கையில் இன்னொரு ஐபி. வாரத்துக்கு மூன்று மின்னஞ்சல், எல்லாமே நிராகரிப்பு. இம்முறை போலி என்று நினைக்கவில்லை. கடை முழுக்கச் சுற்றினேன். கணக்கர் அறையில் இருக்கும் ஸ்கேனர், ஸ்கேன் செய்ததைக் கடையின் இணைய இணைப்பிலிருந்தே நேரடியாக ஆடிட்டரின் ஜிமெயிலுக்கு அனுப்பும்படி யாரோ எப்போதோ அமைத்திருந்தார்கள். ஆடி முடிந்ததிலிருந்து ஆடிட்டருக்கு ஒரு ரசீதும் சேரவில்லை. அவரும் கேட்கவில்லை, கணக்கரும் கேட்கவில்லை. அண்ணாச்சியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.