கோடாலி பிடிச்ச கை

ஒரு வாரமா தினமும் காலைல விறகு பொளக்குறேன், கையெல்லாம் காய்ப்பு காய்ச்சுப் போச்சு, ஆனா மனசு அவ்ளோ லேசா இருக்கு. பலம் மட்டும் போதாதுங்க, முதல்ல கட்டையைப் பாக்கணும், காய்ஞ்ச கட்டையோட வெட்டுன முகத்துல நடுவுல இருந்து வெளிய ஓடுற வெடிப்பு தெரியும், அதே கோட்டுல கோடாலிய இறக்குனா டப்புனு ரெண்டா விழும், கணு மேல போட்டா சிக்கிக்கும், அப்புறம் ஆப்பு வச்சு சம்மட்டியால அடிக்கணும். வைரம் பாய்ஞ்ச கட்டைன்னா கேக்கவே வேணாம்.

பச்சை மரத்தோட எடைல பாதி வரைக்கும் கூட தண்ணி இருக்கும், பொளந்து அடுக்குனாதான் சீக்கிரம் காயும், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ வந்தா புகை கம்மியா நல்லா எரியும்.

ஜிம்ல எவ்ளோ நேரம் ஓடியும் இந்த நிம்மதி எனக்கு கிடைச்சதில்ல. வேர்த்து விறுவிறுத்து நிமிர்ந்து பாத்தா நம்ம கையால அடுக்குன விறகு இடுப்பு உசரத்துக்கு நிக்குது, சட்டையெல்லாம் மர வாசனை.