கொழுந்து மடுவத்துக்கு வந்த கம்ப்யூட்டர்

நம்ம பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இப்போது டிஜிட்டல் தராசு வந்துவிட்டது, கொழுந்தைத் தராசில் வைத்தவுடன் எடை நேரே செக்ரோல் (ஆட்களின் பேர், சம்பளப் பதிவேடு) கணக்கில் ஏறிவிடும், கணக்கப்பிள்ளை இரவில் குனிந்து கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் நிர்வாகத்துக்கு இதில் உண்மையான லாபம் கூட்டலில் இல்லை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், அந்தக் கணக்கு இடித்தால் பிழை மலையில் கொழுந்து எடுத்த இடத்தில் போட்ட எடையிலா, லொறியிலா, பெக்டரியிலா என்று அன்றைக்கே தேடலாம். விற்பனையும் இப்படிக் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது, 1883இல் தொடங்கிய கொழும்பு தேயிலை ஏலமே 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், ஆன்லைனுக்குப் போய்விட்டது (நூறு வருஷத்துக்கு மேலான பழக்கத்தை ஒரு கிருமி மாற்றியது!).

சரி, இத்தனை தகவலும் மேலே துரை (தோட்ட மேனேஜர்) மேசைக்குப் போகிறது, கீழே என்ன வருகிறது? ஈரத்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள், முழுப் பேரா அரைப் பேரா (முழு நாள் சம்பளமா, அரை நாள் சம்பளமா) என்பதைக் கொழுந்து எடுக்கும் அக்காவும் அங்கேயே பார்க்க முடியாவிட்டால் என்னைக் கேட்டால் அது பாதி சிஸ்டம்தான். உங்க டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) எடைத் துண்டுச் சீட்டு தருகிறார்களா? தமிழிலா, இங்கிலீஷிலா?