நல்ல பேருதான்

"நல்ல பேருதான் தம்பி, எடுக்கலாம்." நான் சொன்னது இவ்வளவுதான். டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர் ஒருவர் கேட்டதும் இதற்கு மேல் இல்லை. "செகண்ட் ஹேண்ட்ல ஹூண்டாய் எடுக்கலாமாண்ணே? பேரு எப்படி?"

வண்டி எங்கள் கார் பட்டறை வாசலிலேயே நின்றது. ஐ10, 1.1 லிட்டர் பெட்ரோல், மீட்டரில் 71,000 கிலோமீட்டர். பானட்டைத் தூக்கினேன். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெள்ளை நுரை இல்லை. கூலன்ட்டில் எண்ணெய்ப் படலம் இல்லை. ஐடிலில் ஆட்டம் இல்லை, ரேஸ் கொடுத்தால் நீலப்புகை இல்லை. ஏசி போட்டதும் ஆர்.பி.எம். ஒரு நொடி தடுமாறி, ஏறி நின்றுகொண்டது. டைமிங் பெல்ட்டை மூடியிருக்கும் கவரை மட்டும் திறக்கவில்லை. பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்கவும் சொல்லவில்லை.

கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில் சரி. பேரைக் கேட்டார், பேரைச் சொன்னேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வண்டி ஓட்டிப் பிழைக்கிற ஒருவர், கையிலிருக்கும் காசை எடுத்துக் கொடுக்கப்போகும் நேரத்தில் "பேரு எப்படி" என்று கேட்டால், கம்பெனியின் சரித்திரத்தையா கேட்கிறார்? வாசலில் நிற்கும் அந்த ஒரு வண்டியைத்தானே கேட்கிறார்.

ஐ10-இல் இங்கே இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள் வந்தன. 1.1 லிட்டர், சான்ட்ரோவில் ஓடிய எப்சிலான் குடும்பம். அதில் கிராங்கின் சுழற்சியை, வால்வைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோவது டைமிங் பெல்ட். 1.2 லிட்டர் கப்பா இன்ஜினில் அதே வேலைக்குச் செயின். வெளியே அதே தகடு, அதே பெயர், முன்னால் அதே எழுத்து. செயின் எஃகு. ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் இன்ஜினோடு கூடவே வரும். பெல்ட் ரப்பர். அது கிலோமீட்டருக்கும் தேயும், வயசுக்கும் வெடிப்பு விடும். ஓடும்போது அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், கிராங்க் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வில் பிஸ்டன் வந்து முட்டும். வால்வு வளைந்தால் ஹெட்டை இறக்காமல் வேறு வழியில்லை. அறுவதற்கு முன்னால் சத்தமும் வராது, விளக்கும் எரியாது. அதனால்தான் எங்கள் பட்டறையில் 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருஷம், எது முந்துகிறதோ அப்போது பெல்ட்டை மாற்றச் சொல்கிறோம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 60,000-க்கும் 75,000-க்கும் நடுவில் நிறைய வண்டிகள் விற்பனைக்கு வருவது தற்செயல் இல்லை. பெல்ட், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், நாலு டயர், எல்லாம் ஒரே நேரத்தில் செலவு கேட்கும் கட்டம் அது. எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிவிடுகிறவர்கள் பலர். வாங்குகிறவருக்கு பாலிஷ் போட்ட பாடிதான் கண்ணில் படும். 71,000 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்கு இதெல்லாம் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. வேலை குவிந்து கிடந்தது.

நாலு மாதம் கழித்து கிளட்ச் வேலைக்கு வந்தார். அப்போதுதான் மேல் கவரைக் கழற்றினேன். 10 எம்.எம். சாவி, கால் மணி நேரம். பெல்ட்டின் வெளிப்புறம் பார்க்க நன்றாகவே இருந்தது. வெளிப்புறத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. உள்ளே பல்லின் வேர் இருக்கும் இடத்தில் விரலால் லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். மயிரிழை போல வெடிப்பு, அடுத்தடுத்து ஏழெட்டுப் பல்லில். ஒரு ஓரம் நூல் பிரிந்திருந்தது. கேம் ஆயில் சீல் கசிந்து, பெல்ட்டின் அந்தப் பக்கம் பிசுபிசுவென்று இருந்தது. ஆயில் பட்ட ரப்பர் ஊறி இளகிவிடும், அதற்குப் பிறகு கிலோமீட்டர் கணக்கெல்லாம் செல்லாது.

ஒன்றும் அறுந்துபோகவில்லை, நடுரோட்டில் நிற்கவும் இல்லை. பெல்ட், டென்ஷனர், கேம் சீல் மூன்றையும் மாற்றினோம். சீலை விட்டுவிட்டு பெல்ட்டை மட்டும் போட்டால் புது பெல்ட்டும் அதே கதிக்கு வரும். டென்ஷனர் பேரிங்கைக் கையால் சுற்றினால் மணல் உரசுவது போல் இருந்தால் அதையும் திரும்பப் போடக்கூடாது. மார்க் வைத்து மாட்டி, ஸ்டார்ட் போடுவதற்கு முன்னால் கிராங்கைச் சாவியால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, மார்க் திரும்ப வந்து உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தால் மார்க்கிலேயே தெரிந்துவிடும். செல்ஃப் அடித்த பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை.

பழைய பெல்ட்டை அவரிடம் காட்டினேன். வளைத்தும் காட்டினேன். அவர் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. "நீங்க நல்ல பேருன்னு சொன்னீங்கல்லண்ணே, அப்படியேதான் ஓடுது. ஸ்டாண்டுல மூணு பேருக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

எனக்கு உறுத்துவது பெல்ட் இல்லை. இந்த வாக்கியம்தான். நான் திறந்து பார்க்காமல் சொன்ன ஒரு சொல், நாலு மாதத்தில் மூன்று பேரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்கள் எத்தனை பேரிடம் சொன்னார்களோ.

அன்று நான் "நல்ல பேரு" என்று எதை வைத்துச் சொன்னேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பேர் சும்மா வந்ததில்லை. 1967-இல் கொரியாவில் சுங் ஜு-யுங் தொடங்கிய ஹூண்டாய் கார் கம்பெனி, முதலில் உல்சானில் ஃபோர்டின் கார்ட்டினாவைப் பாகம் பாகமாக வாங்கி மாட்டிக்கொண்டிருந்தது. சொந்தப் பெயரில் போனி என்ற காரைச் செய்தபோது வடிவமைப்பு இத்தாலியின் ஜியூஜாரோ, இன்ஜின் மிட்சுபிஷி, தொழிற்சாலையை அமைத்துக் கொடுத்தவர் இங்கிலாந்துக் கார் கம்பெனியான பிரிட்டிஷ் லேலண்டிலிருந்து வந்த ஜார்ஜ் டர்ன்புல். 1976-இல் ஈக்வடாருக்கு முதல் ஏற்றுமதி. 1984-இல் கனடாவில் போனி நினைத்ததற்கு மேல் விற்றது. அமெரிக்காவின் புகை விதிகளில் அது தேறாததால், அங்கே போனது எக்ஸல் என்ற மாடல். 1986-இல் 4,995 டாலர் விலையில் முதல் வருஷமே 1,68,882 வண்டிகள்.

அந்த எண்தான் வினையாகப் போனது. அவ்வளவு வண்டி ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வந்தால், ஒரே நேரத்தில் பழசாகும். பாகங்கள் தாங்கவில்லை, மறுவிற்பனை விலை விழுந்தது, இரவு டிவி நிகழ்ச்சிகளில் அந்தப் பெயரையே நகைச்சுவையாக்கினார்கள். கொரிய மொழியில் அந்தப் பெயருக்கு 'நவீனம்' என்று பொருள். அமெரிக்காவில் பத்து வருஷத்துக்கு மேல் அது மலிவுச் சாமானின் பெயராக இருந்தது.

அதிலிருந்து மீண்ட விதத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தொடங்கியவரின் மகன் சுங் மொங்-கு தலைமைக்கு வந்தது 90-களின் கடைசியில். அதற்கு முன் அவர் பல வருஷம் நடத்தியது குழுமத்தின் சர்வீஸ் கம்பெனி. திரும்பி வரும் வண்டிகளைப் பார்த்தே பழகியவர். விற்பனைப் பக்கத்திலிருந்து வந்தவராக இருந்தால் விலையைக் குறைத்திருப்பார் என்பது என் எண்ணம். 1998-இல் அமெரிக்காவில் அவர்கள் அறிவித்தது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருஷம் அல்லது 1,00,000 மைல் வாரன்டி. நம் கணக்கில் 1,60,000 கிலோமீட்டர். விளம்பரத்தில் 'நல்ல வண்டி' என்று எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் சொல்வது தப்பானால் செலவு என்னுடையது என்று எழுதிக் கொடுப்பது இது. எழுதிக் கொடுத்த பிறகு தொழிற்சாலையில் தரத்தைச் சரிசெய்யாமல் இருக்க முடியாது. கெட்டுப்போகும் ஒவ்வொரு பாகத்துக்கும் பில் அவர்களுக்கே வரும். 2004-இல் அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவரின் புது வண்டித் தர ஆய்வில் ஹூண்டாய் டொயோட்டாவை ஒட்டி முந்தியபோது வாகனத் தொழிலே நம்ப மறுத்தது.

அந்த முழு வாரன்டி முதல் ஓனருக்கு மட்டும்தான். வண்டி கை மாறினால் 5 வருஷம், 60,000 மைலாகச் சுருங்கிவிடும். பேர் மட்டும் சுருங்காமல் இரண்டாவது ஓனருக்கும் மூன்றாவது ஓனருக்கும் போகிறது. அமெரிக்க வாரன்டிக்கும் நம் ஊர் ஐ10-க்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் செகண்ட் ஹேண்ட் வாங்கிய டிரைவரிடம் நான் கொடுத்ததும் பேர் மட்டும்தானே.

இங்கே பேர் வந்த வழி வேறு. 1996-இல் கம்பெனி பதிவாகி, இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை எழும்பி, 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வந்தது. கொரியக் கம்பெனி என்றால் ஓடிப்போய்விடும் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. அது வெறும் வதந்தியும் இல்லை. அடுத்த ஓரிரு வருஷத்தில் இன்னொரு கொரியக் கம்பெனியான டேவூவின் குழுமம் சரிந்து, சியெலோவும் மேட்டிஸும் வைத்திருந்தவர்கள் ஸ்பேருக்கு அலைந்தார்கள். பட்டறைக்காரர்களுக்கு இன்னொரு பயம். கார்புரேட்டரை ஸ்க்ரூ டிரைவரால் டியூன் பண்ணிய கைக்கு, சென்சாரை வைத்துப் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. புதுசு. 'சென்சார் வண்டி, தொட்டா மாட்டிக்குவோம்' என்று திருப்பி அனுப்பிய இடங்கள் உண்டு. அந்தப் பயம் போனது ஓட்டுகிறவர்களால்தான். காலையில் சோக் இழுக்காமல் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது, உயரமான கூரை என்பதால் வேட்டி கட்டிய பெரியவர் குனியாமல் ஏறுகிறார், மே மாதத்தில் ஏசி நிற்காமல் குளிர்கிறது. இதை ஆளுக்கு ஆள் சொன்னார்கள். 'ஸ்பேர் விலை மாருதியை விட ஜாஸ்தி' என்பதையும் கூடவே சொன்னார்கள். ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டினால் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் குளிர வேண்டிய பம்ப் சூடாகிச் செத்துவிடும் என்பதைப் பலர் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அப்போதெல்லாம் பேரோடு பயன்படுத்தும் விதமும் சேர்ந்தே பரவியது. நான் பேரை மட்டும் கொடுத்தேன்.

பேர் வந்த பிறகும் தப்பு நடக்கும் என்பதற்கு அவர்களுடைய தீட்டா 2 இன்ஜினே போதும். அமெரிக்காவில் செய்த சொனாட்டா கார்களில் கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது விழுந்த உலோகத் துகள் ஆயில் துளைகளில் தங்கிவிட்டது. கனெக்டிங் ராடு பேரிங்குக்கு ஆயில் போகாமல் தேய்ந்து, தட்டி, ஓடும்போதே இன்ஜின் இறுகியது. 2015-இல் 4,70,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், 2017-இல் இன்னும் அதிகம். இன்ஜின் தட்டுவதை உணரும் நாக் சென்சாரை வைத்து பேரிங் அதிர்வை முன்கூட்டியே பிடிக்கும் மென்பொருளைப் பிறகு ஏற்றினார்கள். உள்ளிருந்தே விஷயத்தை வெளியில் சொன்னவர் கிம் குவாங்-ஹோ என்ற அவர்களுடைய இன்ஜினீயர். திரும்ப அழைக்கத் தாமதித்ததற்காக 2020-இல் ஹூண்டாயும் அதே குழுமத்தின் கியாவும் சேர்ந்து அமெரிக்க அரசிடம் 21 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டன. அத்தனை வருஷமும் பேர் நல்ல பேராகத்தான் இருந்தது. திறந்து பார்த்த ஒருவருக்குத்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்திருந்தது.

இதைச் சொல்லி என்னை நான் பெரிதாகக் குற்றம் சாட்டுகிறேனோ என்றும் தோன்றுகிறது. ஒரு பழைய வண்டியை ஓசியில் பார்த்துச் சொன்னேன். கவரைக் கழற்றிப் பார்ப்பது காசு வாங்கிச் செய்யும் வேலை. அவர் அதைக் கேட்கவுமில்லை. எந்தப் பட்டறையிலும் இப்படித்தான் நடக்கும். எல்லாம் சரி. அப்படியென்றால் "திறந்து பார்க்கல தம்பி" என்று மூன்று சொல் கூடச் சேர்த்துச் சொல்ல என்ன தடை? அதற்குக் காசும் ஆகாது, நேரமும் ஆகாது. சொன்னால் "அப்ப திறந்து பாருங்க" என்பார், அன்றைய வேலை கெடும். அதுதான் தடை.

ஸ்டாண்டில் அவர் சொன்ன மூன்று பேரில் ஒருவர் போன வாரம் வந்தார். கையில் 1.2 கப்பா ஐ10-இன் ஆர்.சி. நகல், 94,000 ஓடிய வண்டி. செயின் இன்ஜின், ஆனால் ஆயில் மாற்றிய கணக்கு எதுவும் இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் செயின் பக்கம் சலசலப்பு வருகிறதா என்று கேட்க வேண்டும், அதற்கு வண்டி இரவெல்லாம் இங்கே நிற்க வேண்டும். "வண்டிய ராத்திரி விட்டுட்டுப் போங்க" என்றேன். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். "பேரு எப்படிண்ணே, அத மட்டும் சொல்லுங்க" என்று நின்றார்.

நல்ல பேருதான் என்றேன். இந்த வண்டியை நான் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் முதல் பாதியைக் கேட்டதும் போனை எடுத்துவிட்டார்.